அமெரிக்காவில் 'எல்க்' வேட்டைக்கு லைசென்ஸ்... கல்வராயன் மலையில் முயல் பிடித்தாலே வழக்கு! ஏன் இந்த வித்தியாசம்? காட்டுக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

முதுகில் பெரிய பை, கையில் துப்பாக்கி அல்லது வில், பனி படர்ந்த மலை, தூரத்தில் கிளை கிளையாகக் கொம்பு விரித்த ஒரு பெரிய மான். அமெரிக்காவின் 'எல்க்' வேட்டை வீடியோக்கள் இப்போது நம்ம ஊர் செல்போன்களிலும் சாதாரணமாக ஓடுகின்றன. அங்கே குடியேறிய தமிழர்கள் சிலரும் லைசென்ஸ் வாங்கி வேட்டைக்குப் போகிறார்கள்.

இதைப் பார்க்கும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு கேள்வி வருவது இயல்புதான். "நம்ம பக்கத்துலயே கல்வராயன் மலை இருக்கு. அதுவும் அரசாங்கக் காடுதானே? அங்க மட்டும் ஏன் கூடாது? பணம் கட்டி பர்மிஷன் வாங்க முடியாதா?"

ஒரே வரியில் பதில்: முடியாது. இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸ் என்ற ஒன்றே இல்லை. அது ஏன், மீறினால் என்ன ஆகும், கல்வராயன் காட்டுக்குச் சட்டப்படி எப்படிப் போய் வருவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்க் என்றால் என்ன? நம்ம ஊரில் உண்டா?

எல்க் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான் இனங்களில் ஒன்று. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். இந்த விலங்கு தென்னிந்தியாவில் கிடையாது.

ஆனால் அந்தப் பெயர் இங்கே புழங்கியிருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள், நம்ம கடமானைத்தான் 'எல்க்' என்று கூப்பிட்டார்கள். அந்தக் கால வேட்டைக் குறிப்புகளில் நீலகிரி எல்க், சிலோன் எல்க் என்று வருவதெல்லாம் பெரும்பாலும் கடமான்தான். இந்தியாவின் மிகப்பெரிய மான் அது. புலிக்கு முக்கியமான இரையும் அதுவே. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008 முதல் கடமானை 'அழிவாய்ப்பு உள்ள இனம்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள்?

அங்கேயும் யார் வேண்டுமானாலும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட முடியாது. நிலம் ஒருவர் கையில், விலங்கு இன்னொருவர் கையில் என்பதுதான் அங்குள்ள ஏற்பாடு.

அமெரிக்க மத்திய அரசின் வனத்துறையிடம் மட்டும் சுமார் 19.3 கோடி ஏக்கர் காடு இருக்கிறது. இது பொதுநிலம். ஆனால் அதில் மேயும் எல்க் மீது அதிகாரம் அந்தந்த மாநில அரசுக்கு. எந்த மலைப்பகுதியில், எந்த வாரத்தில், எத்தனை ஆண், எத்தனை பெண் மான்களைச் சுடலாம் என்று வருஷா வருஷம் மாநிலம்தான் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கு ஏற்ப 'டேக்' எனப்படும் அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. நல்ல பகுதிகளுக்குக் குலுக்கல். சில இடங்களுக்குச் சீட்டு விழப் பல வருஷம் காத்திருக்க வேண்டும்.

கொலராடோ மாநிலத்தில் வெளிமாநிலத்துக்காரர் ஒரு எல்க் சீட்டுக்கு 700 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். 1949-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். துப்பாக்கி சீசனில் உடம்பிலும் தலையிலும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிற உடை போட்டே ஆக வேண்டும். புதருக்குப் பின்னால் இருப்பவர் நம்மை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் அது.

கூட்டம்தான் பெரிய தலைவலி

பொதுநிலம் என்பதால் அங்கே கூட்டம் அதிகம். சீசன் தொடங்கும் முதல் சனி, ஞாயிறு காட்டுப்பாதை முகப்பில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் அனுபவசாலிகள் மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டம் போடுகிறார்கள்.

முதலில் செயற்கைக்கோள் வரைபடத்தில் சாலை எங்கே, தண்ணீர் எங்கே, மேய்ச்சல் புல் எங்கே என்று பார்ப்பார்கள். பெரும்பாலானவர்கள் சாலையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க மாட்டார்கள். மான்களும் அதைப் புரிந்துகொண்டு அதற்கு அப்பால், செங்குத்தான, அடர்ந்த பள்ளங்களுக்குப் போய்விடும். ஆகவே கூட்டம் எங்கே நிற்கும், மான் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். முதல் இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தால் போவதற்கு இரண்டாவது, மூன்றாவது இடமும் கையில் இருக்கும்.

இன்னொரு விஷயம், தூக்கிவர முடியுமா என்பது. ஒரு பெரிய எல்க்கில் எலும்பு நீக்கிய கறியே சுமார் 80 முதல் 100 கிலோ தேறும். எட்டு கிலோமீட்டர் உள்ளே சுட்டால், அதைத் தோளில் சுமந்து பல நடை நடக்க வேண்டும். சாப்பிடத்தக்க கறியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவது பல மாநிலங்களில் தனிக் குற்றம். அதனால்தான் "உன்னால சுமக்க முடியாத தூரத்துல சுடாதே" என்பது அங்கே முதல் பாடம்.

சீட்டுக் கட்டணமும், துப்பாக்கி, தோட்டா மீது 1937-ம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகும் தனி வரியும் வனஉயிர்ப் பாதுகாப்புக்கே போகின்றன. 1900-களின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்குப் போன எல்க், இன்று வட அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் இருக்கிறது. எண்ணிக்கை, கட்டுப்பாடு, பணம் மூன்றும் சேர்ந்து அந்த முறையைத் தாங்குகின்றன.

இந்தியாவில் லைசென்ஸ் இருந்ததே, என்ன ஆச்சு?

இருந்தது உண்மைதான். நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்த 1879-லேயே தனிச் சட்டம் வந்தது. சீசன், லைசென்ஸ் எல்லாம் இங்கேயும் புழக்கத்தில் இருந்தவைதான். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு காடு சுருங்கியது, துப்பாக்கி பெருகியது, விலங்கு குறைந்தது. 1972-ல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,827 புலிகள்தான் என்று தெரியவந்தது.

அதே ஆண்டில் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும்கூடச் சில விலங்குகளுக்கு லைசென்ஸ் வேட்டை பேப்பரில் இருந்தது. 1991-ல் கொண்டுவந்த திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. அன்றிலிருந்து பட்டியலில் உள்ள எந்தக் காட்டு விலங்கையும் விளையாட்டுக்காகவோ கறிக்காகவோ வேட்டையாட அனுமதி கிடையாது. மனிதரைத் தாக்கும் விலங்கு, தீராத நோயுற்ற விலங்கு போன்ற சில சூழல்களில் மட்டும், உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வமான உத்தரவின் பேரில் நடவடிக்கை எடுக்கலாம்.

சுட்டால்தான் வேட்டையா?

பலர் ஏமாறும் இடம் இதுதான். "நாங்க எதையும் சுடலையே சார், சும்மா கன்னிதான் வச்சோம்" என்று சொல்லித் தப்ப முடியாது. சட்டத்தின் பார்வையில் இவை எல்லாமே வேட்டை:

- கொல்வது, காயப்படுத்துவது, விஷம் வைப்பது
- சுருக்குக் கம்பி, கன்னி, வலை வைத்துப் பிடிப்பது
- நாய் விட்டுத் துரத்துவது, இரை வைத்து வரவழைப்பது
- பறவை, ஊர்வனவற்றின் முட்டை, கூட்டைச் சேதப்படுத்துவது
- இவற்றில் எதையாவது செய்ய முயற்சிப்பது

கடைசி வரியைக் கவனியுங்கள். எதுவும் சிக்காவிட்டாலும், முயற்சியே குற்றம்தான். ராத்திரி நெத்தி லைட்டும் நாட்டுத்துப்பாக்கியுமாகக் காப்புக்காட்டுக்குள் பிடிபட்டால், "பை காலியா இருக்கு பாருங்க" என்பது பதிலாகாது.

தண்டனை எவ்வளவு?

2022-ல் இந்தச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. விலங்குகள் இப்போது முக்கியமாக இரண்டு அட்டவணைகளில் இருக்கின்றன.

முதல் அட்டவணையில் கரடி, காட்டெருமை, எறும்புத்தின்னி, தேவாங்கு, உடும்பு, மயில் போன்றவை உண்டு. இவற்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் ரூ.25,000-க்குக் குறையாது. "உடும்புக்கறி உடம்புக்கு நல்லது" என்று தேடிப் போகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இரண்டாம் அட்டவணையில் காட்டுப்பன்றி, முயல் போன்றவை வரும். இவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சில குற்றங்களில் வழக்கு நடத்தாமல் வனத்துறை இணக்கத் தொகை வசூலிக்கலாம். அந்தத் தொகையின் உச்சவரம்பும் இப்போது ரூ.5 லட்சம். முயல் வேட்டைக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் அபராதம் என்று அடிக்கடி செய்தி வருவது இதனால்தான்.

கறி வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, கொம்பு, தோல், நகம் வைத்திருப்பது எல்லாமே தனித்தனிக் குற்றம். பைக், கார், துப்பாக்கி, வேட்டை நாய் எல்லாம் பறிமுதல் ஆகலாம். பொருள் உங்களிடம் இருந்தால், அது சட்டப்படி வந்ததுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

ரீல்ஸ் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்டில் தெலங்கானாவின் சிர்சில்லா மாவட்டத்தில், மயில் கறி சமைப்பது எப்படி என்று வீடியோ போட்ட யூடியூபர் மீது வழக்குப் பாய்ந்து அவர் கைதானார். வீடியோவே சாட்சியாக மாறிவிட்டது.

துப்பாக்கிக்குத் தனிக் கணக்கு

லைசென்ஸ் இல்லாத நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டமும் சேரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. உரிமமின்றித் தயாரித்தால் இதைவிடக் கடுமை. மலையோர கிராமங்களில் 'தானாக ஒப்படையுங்கள்' என்று போலீஸ் அவ்வப்போது அறிவிப்பு கொடுப்பதுண்டு. அப்படி அறிவிக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் மூலம் ஒப்படைத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

கல்வராயன் மலை யாருடையது?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். கள்ளக்குறிச்சி மட்டுமல்ல, சேலம் உள்ளிட்ட பக்கத்து மாவட்டங்களிலும் மலை நீள்கிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலை, கல்வராயன்மலை தாலுகாவின் தலைமையிடம்.

இந்த மலை சரணாலயமோ, புலிகள் காப்பகமோ இல்லை. "சரணாலயம் இல்லன்னா சட்டமும் இல்லதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. தவறு. இங்கே பெரும்பகுதி காப்புக்காடு. தமிழ்நாடு வனச்சட்டம் 1882-ன்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது, தீ வைப்பது, மரம் வெட்டுவது, வேட்டையாடுவது எல்லாமே குற்றம். வனஉயிரினச் சட்டமோ காடு, பட்டா நிலம் என்று பார்க்காது. உங்கள் சொந்தக் கொல்லையில் முயலைப் பிடித்தாலும் அதே சட்டம்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இது ஆளில்லாத காடு அல்ல. மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலை. மூன்று ஜாகிர்தார்களின் கையில் நெடுங்காலம் இருந்து, 1970-களில்தான் நேரடி அரசு நிர்வாகத்துக்கு வந்தது. கடுக்காய் பொறுக்க, தேன் எடுக்க, மாடு மேய்க்க, கொல்லைக்குக் காவல் போக என்று விடியலுக்கு முன்பே மக்கள் காட்டுப்பாதையில் நடமாடுவார்கள். ஆரஞ்சு உடையெல்லாம் இங்கே கிடையாது. இருட்டில் புதர் அசைந்தது என்று டிரிகரை அழுத்தினால், அந்தப் பக்கம் இருப்பது பன்றியா, கடுக்காய்க்குப் போன ஒரு அம்மாவா என்று யாருக்குத் தெரியும்? விலங்கு என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்ட சம்பவங்கள் தமிழக மலைக்கிராமங்களில் நடந்திருக்கின்றன.

மலைவாழ் மக்களுக்கு மட்டும் வேட்டை உரிமை உண்டா?

இல்லை. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குப் பயிர் செய்யும் நிலத்தின் மீதும், கடுக்காய், தேன், மூங்கில் போன்ற சிறுவன மகசூல் மீதும் உரிமை தருகிறது. பாரம்பரிய உரிமைகளையும் அங்கீகரிக்கிறது. ஆனால் வேட்டையாடுவது, பொறி வைப்பது ஆகிய பாரம்பரிய உரிமைகளை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. திருவிழாவை ஒட்டிய பாரிவேட்டை என்ற பெயரில் முயல் அடிக்கப் போனாலும் வழக்குதான்.

இதில் ஒரு நியாயமான மனக்குறை இருக்கிறது. பிழைப்புக்காக ஒரு முயல் பிடிப்பவரும், கீழ்நாட்டிலிருந்து காரில் வந்து கறி வாங்கிப் போகிறவரும் சட்டத்தில் ஒன்றுதான். ஆனால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மலைக்காரர். "நல்ல ரேட்டு தர்றோம்ணே, காட்டுக்கறி கிடைக்குமா?" என்று கேட்கும் சுற்றுலாப் பயணி, பேரம் பேசிவிட்டுப் போய்விடுவார். ஜெயிலுக்குப் போவது அந்தக் குடும்பத்தின் சம்பாதிக்கும் ஆள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே பெரிய உதவி.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் சுடக்கூடாதா?

மரவள்ளி, மக்காச்சோளம் போட்ட விவசாயிக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழிமுறையை அறிவித்தது:

- காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை: சுட அனுமதி இல்லை
- 1 முதல் 3 கி.மீ. வரை: பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும்
- 3 கி.மீ.க்கு அப்பால்: வனத்துறையினர் சுடலாம்

கவனிக்க வேண்டியது, சுடுவது வனத்துறை. விவசாயி தானே சுட இதில் இடம் இல்லை. பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சேதமான அன்றே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.வுக்கும் வனக்காப்பாளருக்கும் தகவல் சொல்லிவிடுவது நல்லது.

மின்வேலியும் அவுட்டுக்காயும் இதற்குத் தீர்வே அல்ல. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பயிருக்குப் போட்ட திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. இதே மாதிரி வேலியில் வரப்பில் நடந்துபோன விவசாயிகள், ஏன், வேலி போட்டவரின் சொந்தக் குடும்பத்தாரே உயிரிழந்த சம்பவங்களும் உண்டு.

சரி, கல்வராயன் போகணும்... எப்படித் திட்டம் போடுவது?

துப்பாக்கி இல்லாமல் ரசிக்க இந்த மலையில் நிறைய இருக்கிறது. எல்க் வேட்டைக்காரர்களின் திட்டமிடலில் பாதியை இங்கேயும் பயன்படுத்தலாம்.

1. இடத்தை முதலில் முடிவு பண்ணுங்க. கச்சிராயபாளையம் வழியாகப் போனால் அடிவாரத்தில் கோமுகி அணை. மேலே கரியாலூர், வெள்ளிமலை. பெரியார் அருவி, மேகம் அருவி எல்லோருக்கும் தெரிந்தவை. வனத்துறை அனுமதித்த இடங்களுக்கு மட்டும் போங்க.

2. கூட்ட நாளைத் தவிருங்க. பொங்கல், தீபாவளி விடுமுறை, மழைக்குப் பிந்தைய ஞாயிறுகளில் அருவிகளில் நெரிசல். வார நாளில், காலையிலேயே போனால் அதே அருவி உங்களுக்கு நிம்மதியாகக் கிடைக்கும். ஒரு இடம் நிரம்பியிருந்தால் போக இன்னொரு இடம் மனதில் இருக்கட்டும்.

3. அருவியின் நிலையை விசாரியுங்க. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரலாம். தடை போட்டிருந்தால் தடைதான். மதுவோடு பாறையில் ஏறாதீங்க.

4. மலையேற்றம் என்றால் அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கியது. ஆன்லைனில் பதிவு, வனத்துறைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உண்டு. பட்டியலில் இல்லாத பாதையில் 'கூகுள் மேப்ல வழி காட்டுது' என்று இறங்கினால் அது அத்துமீறல். கோடையில் தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். தேதி பார்த்துத் திட்டமிடுங்க.

5. இருட்டுவதற்குள் இறங்குங்க. செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்க. கள்ளச்சாராயத் தேடுதலும் வேட்டைத் தடுப்பு ரோந்தும் நடக்கும் மலை இது. ராத்திரி காட்டுக்குள் சுற்றினால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

6. தீ மூட்டாதீங்க, பிளாஸ்டிக் போடாதீங்க. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவரும் பை ஒன்று கூடவே இருக்கட்டும்.

விலங்கு எதிரே வந்தால்? கன்னியைப் பார்த்தால்?

கரடி, காட்டுப்பன்றி எதிரே வந்தால் ஓடாதீங்க, கல் எறியாதீங்க. மெதுவாகப் பின்வாங்கி வழி விடுங்க. தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் சட்டம் அதைக் குற்றமாகப் பார்க்காது. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே வேறு வனக்குற்றம் செய்துகொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

சுருக்குக் கம்பியோ, அடிபட்ட விலங்கோ கண்ணில் பட்டால் தொடாதீங்க. இடத்தின் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்க. துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும், ஆபத்து என்றாலும் 112-ஐ அழைக்கலாம்.

அமெரிக்காவில் ஒரு மாநிலம் எல்க்கை எண்ணி, மிச்சம் இருப்பதைச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறது. நம்ம காட்டில் அப்படி எடுத்துக் கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை. அதனால் கல்வராயனுக்குப் போகிறவர்கள் கேமராவோடு போகலாம், குழந்தைகளோடு போகலாம், மலைத்தேனும் கடுக்காயும் நியாயமான விலைக்கு வாங்கி வரலாம். நெத்தி லைட்டும் கன்னியும் மட்டும் வேண்டாம்.